மச்சில் எரிந்த ஒற்றை விளக்கு

பழனிசெட்டிபட்டி
1-12-1942, செவ்வாய் இரவு

அன்புள்ள கஸ்தூரி அத்தைக்கு அடுத்த வீட்டு மொக்கம்மாள் வணங்கி எழுதுவது.

இதை யாருக்கும் காட்டாதீர்கள் அத்தை. உங்கள் தம்பி சங்கிலி மாமாவுக்கும் காட்ட வேண்டாம். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்களுக்கு எழுதுகிறேன் என்று அய்யாவுக்குத் தெரிந்தால் என் பள்ளிக்கூடம் அன்றோடு முடிந்தது. குதிர் இருக்கிற உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, சிமினி விளக்குக்கு முன்னால் முறத்தைச் சாய்த்து வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தாள், கட்டுரை நோட்டின் கடைசியில் கிழித்தது.

சுகமாக இருக்கிறீர்களா? கெங்குவார்பட்டியில் மலைக்காற்று குளிருமே, கம்பளி எடுத்துப்போனீர்களா? இங்கே நாங்கள் சுகம். ஆத்தாவுக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. பட்டாளத்துக்கு லாரி ஓட்டப் போன கர்ணன் அண்ணனிடமிருந்து இன்னும் கடிதம் இல்லை. ரங்கூனை விட்டு எல்லோரும் ஓடி வந்து ஒன்பது மாதம் ஆகிறது.

நீங்கள் ஊரைவிட்டுப் போன அன்று நான் வாசலுக்கு வரவில்லை. கோபித்திருப்பீர்கள். ஜன்னல் சாக்கை விலக்கிப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கரி பஸ் புகைந்து புகைந்து கிளம்பக் கால் மணி நேரம் ஆனது. உங்கள் பிரசவப் பையைச் சங்கிலி மாமா மடியில் வைத்திருந்தார். அந்தப் பையை நீங்கள் இன்னொருவர் கையில் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. நீங்கள் எங்கள் வீட்டை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தீர்கள்.

அத்தை, கார்த்திகையன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

பண்டிகைக்கு ஒரு வாரம் முந்தி, யுத்த இருட்டடிப்பு என்று தமுக்கடித்தார்கள். வாசலில் தோரணம் கட்டலாம், மாக்கோலம் போடலாம். ஆனால் இருட்டிய பிறகு தெருவுக்கோ வானத்துக்கோ ஒரு சுடர் தெரியக் கூடாது. மாடவிளக்குக்கு மேலும் முன்னும் தகரம் அடைக்க வேண்டும். கோயிலுக்கு முன்னால் பனையோலை கட்டிக் கொளுத்துகிற சொக்கப்பனையைப் பொழுது இருக்கும்போதே கொளுத்தி முடிக்க வேண்டும். மீறினால் அபராதம், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் என்றால் மேலிடத்துக்குப் புகார். வார்டன் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு அய்யா சாவடியில் எழுந்து, "என் வீட்ல ஒரு பொறி தெரிஞ்சாலும் என் பேரை நானே எழுதி அனுப்புவேன், பாத்துக்கங்க" என்றார்.

கிணற்றடியில் ஒரே சிரிப்பு. அய்யாவோடு ரோந்து போகிற ராக்கையா, "சப்பான்காரன் பெரியாத்து அணையைத் தேடி வருவானாம். நம்ம வெளக்கப் பாத்துத்தான் வழி கண்டுபிடிப்பானாம்" என்றார். அதற்கு இருளம்மாள், "அம்புட்டுத் தூரம் வந்தவனுக்கு அணை எங்கன இருக்குன்னு தெரியாதாக்கும்? அன்னைக்கு முழு நிலாவாச்சே, அதுக்கு யாரு தகரம் அடைப்பா? நீரு ஏணி போட்டு ஏறுறீரா?" என்று கேட்டாள். நீங்கள்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். நினைவிருக்கிறதா?

பண்டிகையன்று சாயங்காலம் நாலு மணி வெயிலில் சொக்கப்பனை எரிந்தது. பார்க்க நாலு நாயும் பூசாரியும்தான். ஆத்தா எல்லா விளக்கையும் அடுக்களைக்குள்ளேயே வைத்தாள். நீங்கள் அல்லிநகரத்தில் இரண்டு ராத்திரி கண்விழித்துப் பிரசவம் பார்த்துவிட்டு வந்து படுத்திருந்தீர்கள். நான் பொரி உருண்டை கொண்டுவந்தேன். "வச்சிட்டுப் போ தாயி, எந்திரிக்க முடியல" என்றீர்கள். அதுவும் நினைவிருக்கிறதல்லவா?

ஏழரை மணிக்கு ராக்கையா விசில் ஊதினார். உங்கள் மொட்டை மச்சில், கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒரு அகல் எரிந்தது. கொடியில் காய்ந்த உங்கள் வெள்ளைப் புடவையில் அந்த வெளிச்சம் பட்டு, மச்சு முழுக்க ஒரு பெரிய காகித விளக்கு மாதிரி ஆகிவிட்டது. கம்பம் ரோட்டில் காரில் போன அதிகாரி ஒருவர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டார். அதனால்தான் அய்யாவால் அதை அமுக்க முடியவில்லை, உங்கள் போர்டு மிட்வைஃப் வேலைக்கே புகார் போயிற்று.

அத்தை, நன்றாக யோசியுங்கள். நீங்கள் படுக்கையை விட்டு எழுந்தீர்களா? எழுந்திருக்கவே மாட்டீர்கள். நீங்கள் வைத்திருக்க மாட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பதில் எழுதினால் என் வகுப்பு மதீனா பெயருக்கு, சேக் தாவூது மளிகைக் கடை என்று எழுதுங்கள். அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள்.

உங்கள்
மொக்கம்மாள்


கெங்குவார்பட்டி
6-12-1942

கண்ணான மொக்குத் தாய்க்கு அத்தையின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. அடுப்பில் போட மனம் வரவில்லை. பையில் கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இந்தப் பையை இப்போது யாரும் திறப்பதில்லை, பயப்படாதே.

வாசலுக்கு வராததற்குக் கோபமா? உன் மேலா? ஜன்னலில் சாக்கு அசைந்ததைப் பார்த்தேன். அது போதும்.

நீ யோசிக்கச் சொன்னாய். நான் வேறு என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறாய்? உன் தெருவில் தொடங்கி நான் எடுத்த பிள்ளைகளை வீடு வீடாக எண்ணிப் பார்க்கிறேன். எந்த நாள், எந்த நேரம், எத்தனை ராத்தல் எடை, கொடி எத்தனை சுற்று என்று எல்லாம் வருகிறது. பதினேழு வருஷம் வருகிறது. அந்த ஒரு கால் மணி நேரம் மட்டும் வரவில்லை. நீ பொரி உருண்டை வைத்ததும் தெரியும், விசில் சத்தத்தில் எழுந்ததும் தெரியும். நடுவில் ஒரு குழி. அகல் என்னுடையது, எண்ணெய் என் வீட்டு இலுப்பெண்ணெய். பூட்டின வீட்டில் நான் ஒருத்திதான்.

அன்று சாவடி விசாரணையில் உன் அய்யா, "நீ பக்கத்து வீட்டுப் புள்ள. மச்சுல யாரையும் பாத்தியாத்தா?" என்று கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டே, "கஸ்தூரி அத்தைதான் வெளக்கோட படியேறுனாக" என்றாய். அதுவரை நான் இல்லை இல்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தேன். நீ சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன். உன்னை இந்தக் கையால் எடுத்தேன். நீ இல்லாததைச் சொல்லி நான் கேட்டதில்லை. இப்போது என் மேல் உள்ள பிரியத்தில் "வைத்திருக்க மாட்டீர்கள்" என்கிறாய். பிரியம் வேறு, கண்ணால் பார்த்தது வேறு. பார்த்ததைச் சொன்னதற்காக நீ வருத்தப்படாதே தாயி.

எனக்குப் பயமெல்லாம் அபராதத்தில் இல்லை. ஒரு விளக்கை எடுத்து, எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, ஏற்றி, படியேறி வைத்துவிட்டு, அத்தனையையும் மறந்தவள் நாளை ஒரு பிரசவத்தில் எதை மறப்பாள்? ஊர் கேட்பது இருக்கட்டும், நானே என்னைக் கேட்கிறேன்.

சங்கிலி நன்றாகத்தான் வைத்திருக்கிறான். அவன் பெண்சாதி நான் அடுப்படிக்குப் போனால் கூடவே வருகிறாள். "சும்மா பேச்சுத் துணைக்கு மதினி" என்கிறாள். நெருப்பை மறந்துவிடுவேன் என்று பயம். சிரித்துக்கொள்கிறேன்.

ஆத்தாவுக்குக் கால் வீங்குகிறதா என்று பார்த்து எழுது. மூன்று பிள்ளை தங்காமல் போனபின் வந்த கர்ப்பம். நன்றாகப் படி.

உன்
கஸ்தூரி அத்தை


பழனிசெட்டிபட்டி
12-12-1942, சனி இரவு

அன்புள்ள அத்தைக்கு மொக்கம்மாள் வணக்கம்.

உங்கள் கடிதத்தை மதீனா வீட்டுக் கொல்லையில் நின்று படித்தேன். ஏன் அழுகிறாய் என்று மதீனா கேட்டாள். கண்ணில் மிளகாய்த்தூள் என்றேன். மளிகைக் கடை வீடானதால் நம்பிவிட்டாள்.

ஒரு நல்ல செய்தி. கர்ணன் அண்ணன் உயிரோடு இருக்கிறான்! புதன்கிழமை கார்டு வந்தது. பர்மாவிலிருந்து காட்டு வழியே நடந்து வந்து, அசாமில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம். காலில் புண், காய்ச்சல், இப்போது பரவாயில்லை. வேறு யாரோ எழுதிக் கொடுத்த கார்டு, கையெழுத்து மட்டும் அவனுடையது. ஆத்தா கார்டை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் விளக்கு வைக்கிற நேரம் வரை எழுந்திருக்கவில்லை. அய்யா பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தெருவில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார்.

கார்டின் மேல் தேதி பார்த்தேன். கார்த்திகைக்கு மறுநாள் தேதி.

அத்தை, எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரியும். கூடப் பிறந்தவனுக்காகப் பெண்பிள்ளை வைக்கிற கார்த்திகை விளக்கு வானம் பார்க்க எரிய வேண்டும். கூரைக்குக் கீழே வைத்தால் அது கணக்கில் சேராது என்று ஆத்தா சொல்லுவாள். இந்த வருஷம் எல்லா விளக்கும் அடுக்களைக்குள் இருந்தது.

இதற்குக் கீழே நாலு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயல வேண்டாம், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஊரில் உங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். எழுதக் கூடாது என்றிருந்தேன். ஆனால் நான் ஒருத்தியாகக் கேட்டுக்கொண்டிருப்பது தாங்கவில்லை. நேற்றுக் கிணற்றடியில் ஒருத்தி சொன்னாள், "வெளக்கு வச்சதயே மறந்தவுக நாளைக்குப் புள்ளய எடுத்து எங்கன வச்சோம்னு தேடுவாக." எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் எடுத்த பிள்ளைகள் அந்தக் கிணற்றடியிலேயே நாலு பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் குடத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். குடத்தை மட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

ஆத்தாவுக்குக் கால் வீங்குகிறது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. இரண்டு நாளாகக் காலையில் முகமும் உப்பியிருக்கிறது, தலைவலி என்கிறாள். பெரியகுளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டேன். "ஆம்பள டாக்டர் கை எம் மேல படவா? கஸ்தூரி இருந்தா கஸ்தூரி. இல்லாட்டி இருளம்மா போதும்" என்கிறாள். அய்யாவோ, "நெனப்புத் தப்புன பொம்பளய எப்பிடிக் கூப்புட? இருளம்மா வந்தாப் போதும்" என்றார். இருளம்மாளுக்கு மாடு கன்று போடுவதைப் பற்றி நன்றாகத் தெரியும். அதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை அத்தை.

என்ன செய்யலாம் என்று உடனே எழுதுங்கள். மதீனாவின் உம்மா அம்சத் பீவி சொன்னதாக ஆத்தாவிடம் சொல்லிக்கொள்கிறேன். பொய் சொல்வது எனக்கு இப்போது எளிதாக வருகிறது.

மொக்கம்மாள்


கெங்குவார்பட்டி
18-12-1942

அருமை மொக்குத் தாயிக்கு ஆசீர்வாதம்.

முதலில் ஆத்தாவைப் பற்றி. கவனமாகப் படி. உப்பைக் குறைக்கச் சொல். ஊறுகாய், கருவாடு தொடவே கூடாது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். காலுக்கடியில் பதர் அடைத்த சாக்கை வைத்து உயர்த்து. தலைவலி விடாமல் இருந்தாலோ, கண்ணுக்கு முன்னால் மின்மினி மாதிரி பறக்கிறது என்று சொன்னாலோ, அதற்கு மேல் ஒரு பொழுதுகூடக் காத்திருக்கக் கூடாது. உன் அய்யாவின் காலில் விழுந்தாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்.

கர்ணன் பிழைத்தானா! கார்டைப் பற்றி நீ எழுதியதைச் சங்கிலிக்கும் அவன் பெண்சாதிக்கும் சத்தமாகச் சொன்னேன், உன் பெயரைச் சொல்லவில்லை. கர்ணன் நான் எடுத்த பிள்ளை இல்லை, ஆனால் மூன்று வயதில் விஷக்காய்ச்சல் வந்தபோது நாலு ராத்திரி என் மடியில் கிடந்தவன். ஒன்பது மாதமாக நானும் அவனை நினைத்துக்கொண்டேதான் படுத்தேன்.

நீ எழுதிய வழக்கத்தைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. தூக்கக் கலக்கத்தில், உன் ஆத்தா இந்த வருஷம் வெளியே வைக்க முடியாத விளக்கை நான்தான் கர்ணனுக்காக வானம் பார்க்க வைத்துவிட்டேனோ என்னவோ. அப்படி இருந்தால் என் மனம் தப்பினாலும் நல்லதற்குத்தான் தப்பியிருக்கிறது. இப்படி நினைத்த பிறகு இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் ஒன்று நடந்தது. உன்னிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை, நீ சின்னப்பெண். ஆனால் எனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை. இங்கே பிச்சைமணி என்று ஒருவர் வீட்டில் மருமகளுக்கு வலி. நான் தேர்ந்த மிட்வைஃப் என்று கேள்விப்பட்டுப் பிச்சைமணியே வந்து கூப்பிட்டார். பையை எடுத்துக்கொண்டு போனேன். கை கழுவினேன். உள்ளே அந்தப் பெண் என்னைப் பார்த்ததும், "வந்துட்டீகளா" என்றாள். அப்போது கத்தரியைக் கொதிக்கவைத்தேனா இல்லையா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வைத்தேன். மறுபடியும் வைத்தேன். மூன்றாம் தரமும் வைத்தேன். கொதிக்கிற தண்ணீருக்கு முன்னால் நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். என்னால் முடியாது, வேறு ஆளைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிள்ளை கால் முந்தி வந்திருக்கிறது. கால் முந்தி வந்த பிள்ளைகளை நான் எத்தனை எடுத்திருக்கிறேன். தாய் பிழைத்தாள். பிள்ளை இல்லை.

அதனால் ராஜினாமா எழுதிவிட்டேன். எனக்கு நினைவு நம்பிக்கையாக இல்லை, இந்த வேலைக்குத் தகுதியில்லை என்று என் கையாலேயே. ஜனவரி முதல் தேதி போர்டு ஆபீசுக்குப் போகிறபோது சங்கிலி கொடுத்துவிட்டு வருவான். பழனிசெட்டிபட்டி வீட்டையும் யாருக்காவது விட்டுவிடலாம் என்கிறான். சரி என்றேன்.

உன் அடித்த வரிகளை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஆத்தாவைப் பார்த்துக்கொள்.

கஸ்தூரி


பழனிசெட்டிபட்டி
23-12-1942, புதன் இரவு

அத்தைக்கு,

பழனிசெட்டிபட்டி முத்துக்கருப்பன் மகள் மொக்கம்மாள், ஏழாம் வகுப்பு மாணவி, என் சொந்தப் புத்தியோடு, யாரும் சொல்லிக்கொடுக்காமல் எழுதிக் கொடுப்பது.

அந்த விளக்கை வைத்தது நான்.

இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று மத்தியானத்திலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எழுதிவிட்டேன். இனி மீதியை எழுதிவிடலாம்.

பொரி உருண்டை கொண்டுவந்தபோது நீங்கள் அசந்து படுத்திருந்தீர்கள். வாசல் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. பூட்டின வீடு என்று நீங்கள் எழுதியது தப்பு அத்தை. நான் போகும்போதுதான் வெளியே நாதாங்கியைப் போட்டுவிட்டுப் போனேன். ராக்கையா வந்து நாதாங்கியை எடுத்தபோது அது எப்படி வெளியே போட்டிருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அதற்காகத்தான் ஒரு மாதம் காத்திருந்தேன். யாராவது கேட்டால் சொல்லிவிடுவேன் என்று இருந்தேன். கேட்காததால் சொல்லவில்லை.

படிக்கட்டில் கழுவி வைத்திருந்த அகலில் ஒன்றை எடுத்தேன். எங்கள் வீட்டு அகலை எடுத்தால் ஆத்தா எண்ணிக்கை பார்ப்பாள். உங்கள் ஜாடியிலிருந்து எண்ணெய் ஊற்றினேன். திரி என் பழைய பாவாடைக் கிழிசல். மச்சுக்குப் போனேன். எங்கள் வீடு ஓட்டு வீடு, மச்சு இல்லை. கைப்பிடிச் சுவர் மறைக்கும் என்று நினைத்தேன். கொடியில் புடவை இருந்ததைப் பார்த்தேன். புடவையும் சேர்ந்து மறைக்கும் என்றுதான் அத்தை நினைத்தேன். அது வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு அத்தனை பெரிதாகும் என்று எனக்குத் தெரியாது. ஏற்றிவிட்டு, கர்ணன் அண்ணன் எங்கே இருக்கிறானோ அங்கே இருந்து வரட்டும் என்று மூன்று தரம் சொன்னேன். இறங்கி வந்து எங்கள் அடுக்களையில் ஆத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொரி தின்றேன்.

சாவடியில் ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பீர்கள். அய்யா தன் பெயரைத் தானே எழுதி அனுப்புவேன் என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்வார். சர்க்கார் சட்டத்தை மீறின வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் பட்டாளத்தில் அண்ணனை நிற்கவைத்துச் சுட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் பெண்கள் அப்படிப் பேசிக்கொண்டார்கள். நான் அதை நம்பினேன். உங்களை யாரும் சுட மாட்டார்கள், உங்களுக்கு அபராதத்தோடு போகும் என்று கணக்குப் போட்டேன். வாய் திறந்தபோது உங்கள் பெயர் வந்தது.

அப்புறம் கார்டு வந்தது. விளக்கு வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். நான் இப்போது சொன்னால், திருட்டு விளக்கு என்று ஆகி, அண்ணனுக்கு வந்த நன்மையும் திரும்பப் போய்விடுமோ என்று பயந்தேன். அடித்த நாலு வரியும் இதுதான். நீங்கள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கலாம். பார்ப்பீர்கள் என்று நினைத்துத்தான் அவ்வளவு லேசாக அடித்தேன்.

நீங்கள் படியேறவில்லை அத்தை. நீங்கள் எதையும் மறக்கவில்லை. அந்தக் கால் மணி நேரம் நீங்கள் தூங்கினீர்கள், அவ்வளவுதான். குறட்டைகூட விட்டீர்கள், நான் கேட்டேன். உங்கள் நினைவில் குழி எதுவும் இல்லை. கத்தரியை நீங்கள் முதல் தரம் வைத்தபோதே வைத்துவிட்டீர்கள்.

பிச்சைமணி வீட்டுப் பிள்ளையைப் பற்றி எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அது ஆணா பெண்ணா என்று நீங்கள் எழுதவில்லை. நான் கேட்கவும் மாட்டேன். ராத்திரி படுத்தால் அந்த அக்காள் "வந்துட்டீகளா" என்று கேட்டது எனக்குக் கேட்கிறது. நீங்கள் அங்கிருந்து திரும்பினதற்கு நான் காரணம். அந்த வீட்டுக்காரர்களிடமும் சொல்ல வேண்டுமென்றால் நான் வந்து சொல்கிறேன்.

இந்தத் தாளை அடுப்பில் போட வேண்டாம். சங்கிலி மாமாவிடம் கொடுங்கள். போர்டு ஆபீசில் காட்டச் சொல்லுங்கள். ராஜினாமாவைக் கிழித்துவிடுங்கள். ஜனவரி முதல் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது, நாளைக் காலைத் தபாலில் போட்டால் சேர்ந்துவிடும். மதீனா கடையில் கொடுக்க மாட்டேன், நானே போஸ்டாபீசுக்குப் போகிறேன்.

அத்தை, நீங்கள் வர வேண்டும். இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆத்தாவுக்கு இன்றைக்குக் கையும் வீங்கி வளையலை எண்ணெய் போட்டுத்தான் கழற்றினோம். சாயங்காலம் அரிசி புடைக்கும்போது, "ஏத்தா, மின்மினி உள்ள வந்துருக்கா?" என்று கேட்டாள். மார்கழி மாதத்தில் வீட்டுக்குள் மின்மினி ஏது. நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது. அய்யாவிடம் ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தேன். "உனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுக்கா?" என்று கேட்டார். மதீனா உம்மா என்று வாயில் வந்தது. சொல்லாமல் நின்றேன். அவர் பட்டையைக் கட்டிக்கொண்டு ரோந்துக்குப் போய்விட்டார். நீங்கள் வந்து சொன்னால் ஆத்தா ஆஸ்பத்திரிக்கு வருவாள். நீங்கள் கூட இருந்தால் எந்த டாக்டரும் தொடலாம் என்பாள். எனக்குத் தெரியும்.

உள்ளறையில் ஆத்தா படுத்திருப்பதால் இன்று முன்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னல் சாக்கை எடுத்து, பதர் அடைத்து, அவள் காலுக்கடியில் வைத்துவிட்டேன். ஜன்னலுக்கு என் தாவணியைத்தான் கட்டியிருக்கிறேன். விளக்கைக் கொஞ்சம் தூண்டிவிட்டேன், இல்லையென்றால் ஆபீசில் காட்டுகிற கடிதத்தில் எழுத்து சரியாக

விசில். எங்கள் வாசலில்தான்.

கதவைத் தட்டுகிறார். அய்யா குரல். "யாரு உள்ள? வெளிச்சம் ரோடு வரைக்கும் தெரியுது. ஏத்தா மொக்கு, தெற கதவ."

ஊதி அணைத்துவிட்டுத் தாளைக் குதிருக்குள் போட நேரம் இருக்கிறது. ஆத்தா உள்ளே முனகுகிறாள். நான் அணைக்கவில்லை அத்தை. கதவைத் திறந்து இதை அவர் கையிலேயே